கடிகாரத்தின் நாடி

எங்கள் ஆய்வுக்கூடத்து நண்பர் ஒருவர் ஜெர்மனியிலிருந்து திரும்பும்போது ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்தார். நோமோஸ் நிறுவனத்தார் செய்தது. பின்மூடி கண்ணாடியாதலால் உள்ளே இயந்திரம் ஓடுவது தெரிகிறது. பாட்டரி கிடையாது; நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டும். “இதற்கா இத்தனை பணம்? என் கைப்பேசி இதைவிடச் சரியாக மணி காட்டுமே!” என்று விடுதியில் நகைத்தோம். நகைத்தவர்களுள் நானும் ஒருவன். பிறகுதான் அதைப் பற்றிப் படித்தேன்.

அவ்வியந்திரத்தின் பெயர் ஆல்ஃபா. கனம் 2.6 மில்லிமீட்டர்தான், 17 கற்கள் பதித்தது. முழுதும் சாவி கொடுத்தால் சுமார் 43 மணி நேரம் ஓடும். சாவி கொடுக்கையில், சிறு டப்பி ஒன்றினுள் இருக்கும் வில்நாடா சுருண்டு இறுகுகிறது. இறுகியது விரியத் துடிக்கும். விட்டுவிட்டால் பற்சக்கரங்கள் கடகடவென்று சுழன்று ஓய்ந்துவிடும். அதைத் தடுத்துத் தடுத்துச் சிறிது சிறிதாக விடுவது ஒரு நெம்புகோலின் வேலை. எப்போது விடுவதென்று அதற்குக் கட்டளையிடுவது, இப்புறமும் அப்புறமும் ஆடும் சமநிலைச் சக்கரம். அச்சக்கரத்தைத் திருப்பித் திருப்பி இழுப்பது மயிரிழை போன்ற ஒரு சுருள்வில். நொடிக்கு 6 துடிப்பு, நாளொன்றுக்கு 5,18,400. காதில் விழும் ‘டிக் டிக்’ ஓசை இதுதான்.

தொல்லையெல்லாம் இந்தச் சுருள்வில்லில்தான். சாதாரண எஃகால் செய்தால், வெப்பம் ஒரு டிகிரி ஏறினாலே நாளொன்றுக்குச் சுமார் 11 நொடி பிந்தும். வடநாட்டுத் தைக் குளிருக்கும் சித்திரை வெயிலுக்கும் 30 டிகிரி வேறுபாடு என்று கொள்ளுங்கள். 5 நிமிடத்துக்கு மேல் ஆயிற்று! (காலை வகுப்புக்குப் பிந்துவோர் குறித்துக்கொள்க.) நிக்கல் கலந்த எஃகை ஆராய்ந்து இக்குறைக்கு வழி காட்டிய கியோம், அவ்வாராய்ச்சிக்காக 1920-இல் பௌதிக நோபல் பரிசு பெற்றார்.

நோமோஸ் 1990-இல் சாக்சனி மாநிலத்தில், கிளாஸ்ஹூட்டே என்னும் சிற்றூரில் தோன்றியது. 1845-இல் லாங்கே பட்டறை வைத்தது முதல் கடிகாரத்தால் பெயர்பெற்ற ஊர் அது. ஆயினும் ஆல்ஃபாவின் அமைப்பே ஒரு சுவிஸ் இயந்திரத்தைத் தழுவியது. சமநிலைச் சக்கரம், சுருள்வில் முதலியவற்றை, மற்றப் பல நிறுவனங்களைப் போலவே, வெளியிலிருந்துதான் வாங்கினர். விற்பவன் கையை மடக்கினால் பட்டறை நின்றுவிடும். பெயர் நம்முடையது, நாடி அயலானுடையது என்ற நிலை. டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தாருடன் சேர்ந்து பல்லாண்டு உழைத்து, 2014-இல் அவர்கள் சொந்த நாடியை வெளியிட்டனர். செலவு ஒரு கோடி யூரோவுக்கும் மேல் என்பர். அதன் சுருள்வில் நீல நிறமாகப் பதப்படுத்தியது.

நண்பரிடம் இருப்பது பழைய ஆல்ஃபாதான். நேற்றிரவு அதை இரவல் வாங்கிக் காதோடு வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். திருப்பிக் கொடுக்கும்போது மணி என்ன என்று பார்க்க மறந்துவிட்டேன்.