ஓடுகளத்து ஆசான்

நுழையும் முன்
வெற்றி பெற்ற வீரரின் பெயரை நாளிதழ்கள் கொட்டை எழுத்தில் வெளியிடும். அவருக்கு முதலில் ஓடக் கற்பித்தவர் யார் எனச் சிலரே வினவுவர். அவ்வாறு கற்பித்த ஒருவரைப் பற்றியது இப்பாடம்.

குமுளியிலிருந்து பீர்மேட்டைக் கடந்து மலையிறங்கினால் முண்டக்கயம் வரும். அதனருகே, கோட்டயம் மாவட்டத்தின் கிழக்கு எல்லையில் உள்ள சிற்றூர் கோருத்தோடு. இவ்வூரின் சி.கே.எம். மேல்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றியவர் கே.பி. தாமஸ். அதற்கு முன் அவர் இந்தியத் தரைப்படையில் இருந்தார். மாணவர்கள் அவரைத் ‘தாமஸ் மாஷ்’ என்றே அழைத்தனர். நாம் ஆசிரியரை ‘ஐயா’ என்பதுபோல், மலையாளத்தில் ‘மாஷ்’ என அழைப்பது வழக்கம். அவருடைய பயிற்சியால் இச்சிற்றூர்ப் பள்ளி, மாநிலப் பள்ளித் தடகளப் போட்டியில் தொடர்ந்து 16 ஆண்டுகள் முதலிடம் பெற்றது.

பயிற்சியாளரின் பணி எத்தகையது? நீளம் தாண்டுதலை எடுத்துக்கொள்வோம். ஓடிவருபவர் 20 செ.மீ. அகலமுள்ள பலகையில் காலூன்றித் தாவ வேண்டும். பலகையின் முன்விளிம்பைக் கால் சிறிது கடந்தாலும் அத்தாவல் செல்லாது. விளிம்புக்கு முன்னரே காலூன்றினால் அவ்வளவு தொலைவும் வீணாகும். முழு விரைவில் ஓடுபவர் தம் காலடியைக் குனிந்து பார்க்க இயலாது. பக்கத்தில் நிற்கும் பயிற்சியாளரே அதனைக் காண்பார். கால் விளிம்பைக் கடந்தால், ஓடத் தொடங்கும் இடத்தை அரையடி பின்னுக்கு நகர்த்தச் சொல்வார். மாணவர் மீண்டும் ஓடுவார்; ஆசிரியர் மீண்டும் பார்ப்பார். காலடிகள் பிழையின்றி அமையும்வரை இது தொடரும். மாணவர் காண இயலாததைக் கண்டு சொல்பவரே பயிற்சியாளர்.

இப்பள்ளியில் பயின்றவர் அஞ்சு பாபி ஜார்ஜ். அவர் 2003ஆம் ஆண்டு பாரிஸில் நடைபெற்ற உலகத் தடகளப் போட்டியில் 6.70 மீட்டர் நீளம் தாண்டி வெண்கலப் பதக்கம் வென்றார். அப்போட்டியில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் அதுவே. அப்போது அவருக்குப் பயிற்சியளித்தவர் அவருடைய கணவர் ராபர்ட் பாபி ஜார்ஜ். பள்ளிப் பருவத்தில் அடித்தளமிட்டவர் தாமஸ் மாஷ். அவருடைய மற்றொரு மாணவர் ஜோசப் ஆபிரகாம். இவர் 2010ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் தங்கம் வென்றார்.

கோருத்தோட்டுக்குப் பின் தாமஸ் மாஷ் இடுக்கி மாவட்டம் வண்ணப்புறத்திலும் மாணவர்களைப் பயிற்றுவித்தார். சிறந்த பயிற்சியாளர்களுக்கு நடுவண் அரசு வழங்கும் துரோணாச்சாரியார் விருது 2013ஆம் ஆண்டு அவருக்குக் கிடைத்தது. மாணவியின் பாரிஸ் பதக்கத்துக்கும் ஆசிரியரின் விருதுக்கும் இடையே பத்தாண்டுகள் சென்றிருந்தன. அவரோ விருதை எண்ணிக் களத்தில் நின்றவர் அல்லர். ஒரு குழுவினர் பள்ளி முடித்துச் செல்ல, அடுத்த குழுவினருக்கு மீண்டும் முதல் அடியிலிருந்து கற்பித்தார்.

சொல்லும் பொருளும்
ஆசான் – ஆசிரியர்
வினவுதல் – கேட்டல்
நடுவண் அரசு – மத்திய அரசு

பிரித்து எழுதுக
1. காலூன்றி
2. சிற்றூர்

விடையளிக்க
1. நீளம் தாண்டுபவருக்குப் பயிற்சியாளர் எவ்வாறு கண்ணாக விளங்குகிறார்?
2. அஞ்சுவின் வெற்றியில் இருவருக்குப் பங்குண்டு. விளக்குக.
3. உங்கள் உடற்கல்வி ஆசிரியரை நேர்காண ஐந்து வினாக்கள் எழுதுக.