தாலசீமியா மைனர்: "உனக்கு ஒன்றுமில்லை" என்ற பதில் போதுமா?



இந்த இதழின் பாடத்திற்கு, சபைகளில் அதிகம் பேசப்படாத ஒரு காரியத்தை எடுத்துக்கொள்வோம். பிறவியிலேயே இரத்தத்தில் வரும் தாலசீமியா மைனர் என்ற நிலையே அது. இந்தியாவில் 100 பேரில் 3 அல்லது 4 பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. சிந்தி, பஞ்சாபி, குஜராத்தி, வங்காளச் சமூகங்கள் சிலவற்றில் இன்னும் அதிகம். தமிழ்க் குடும்பங்களிலும் இது உண்டு. இருந்தும், தங்களுக்கு இது இருப்பதை அறியாதவர்களே அநேகர்.

1. இது என்ன?

நம் உடலெங்கும் ஆக்ஸிஜனைச் சுமந்து செல்வது இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். பெரியவர்களில் அது பெரும்பாலும் இரண்டு ஆல்பா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் சேர்ந்து உண்டாவது. பீட்டா சங்கிலியை உண்டாக்கும் மரபணு தகப்பனிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக நமக்கு வருகிறது. இரண்டில் ஒன்று பழுதானால் அது பீட்டா தாலசீமியா மைனர். இரண்டும் பழுதானால் பெரும்பாலும் மேஜர் என்னும் கடும் நோய். மேஜர் உள்ள பிள்ளைக்குச் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றியே ஆகவேண்டும்.

மைனர் தொற்றுநோய் அல்ல. அது பின்னாளில் மேஜராக மாறுவதும் இல்லை. யாருடைய பாவத்தினாலோ சாபத்தினாலோ வந்ததும் அல்ல. மலேரியா அதிகமாயிருந்த நாடுகளில், இந்த ஒற்றைப் பழுது உள்ளவர்கள் அக்காய்ச்சலுக்குத் தப்பிப் பிழைத்ததால்தான் இது தலைமுறை தலைமுறையாய்ப் பரவியது என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள்.

2. ஏன் தவறவிடப்படுகிறது?

இரும்புச்சத்துக் குறைவிலும் சிவப்பணுக்கள் சிறுத்து வெளுத்திருக்கும்; தாலசீமியா மைனரிலும் அப்படியே. ஆகவே இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுக்கப்படுகிறது. மாதங்கள் கடந்தும் ஹீமோகுளோபின் ஏறுவதில்லை. "மாத்திரையை ஒழுங்காய்ச் சாப்பிடுகிறாயா?" என்ற கேள்விதான் மிஞ்சுகிறது.

வேறுபாட்டைக் காட்டும் ஒரு குறிப்பு சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே உண்டு. மைனரில் அணுக்கள் சிறியவை. ஆனால் எண்ணிக்கை குறைவதில்லை, சிலருக்குக் கூடுதலாகவே இருக்கும். அணுவின் சராசரி அளவை (எம்.சி.வி.) மில்லியன் கணக்கிலான அணு எண்ணிக்கையால் வகுத்து, விடை 13-க்குக் கீழே வந்தால் தாலசீமியாவைச் சந்தேகிக்கலாம் என்று மென்ட்சர் என்பவர் 1973-ல் எழுதினார். இது சந்தேகத்திற்கு மட்டுமே. உறுதி செய்ய ஹீமோகுளோபின் ஏ2 பரிசோதனை வேண்டும். மைனரில் அது வழக்கமாக 3.5 சதவீதத்திற்கு மேல் இருக்கும். கூடவே இரும்புச்சத்தும் குறைந்திருந்தால் ஏ2 அளவு தாழ்ந்து காட்டக்கூடும். ஆகையால் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் அவசியம்.

3. சோர்வு மெய்யானதா?

மைனர் உள்ளவருக்கு அறிகுறி எதுவும் இராது என்பதே நெடுங்காலமாய்ப் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தது. ஆனால் வார்டுகளில் படுக்கையருகே உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு வேறு வார்த்தைகள் கிடைக்கும். "மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது ஐயா", "மத்தியானத்துக்கு மேல் நிற்க முடியவில்லை", "தலை சுற்றுகிறது". இப்படிச் சொல்லும் பெண்ணுக்கு, "மைனர்தானே, மனதைத் தைரியமாய் வைத்துக்கொள்" என்ற பதில் கிடைக்கிறது. வீட்டிலோ, சோம்பேறி என்ற பெயர்.

2008-ல் இலங்கை மருத்துவர்களும் இங்கிலாந்தின் டேவிட் வெதரால் அவர்களும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரத்தசோகையின் அறிகுறிகளும் காய்ச்சலும், இந்நிலை இல்லாதவர்களைவிட மைனர் உள்ளவர்களிடம் அதிகம் என்று கண்டார்கள். அப்படியானால் அந்தச் சகோதரி சொன்னது கற்பனையல்ல.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மைனர் உள்ளவர்களில் அநேகர் ஒரு தொல்லையுமின்றி வாழ்கிறார்கள். எல்லாச் சோர்வையும் இதன்மேல் போட்டுவிட்டால், தைராய்டு குறைவு, பி12 குறைவு, மாதவிடாயில் மிகுந்த இரத்தப்போக்கு, மனச்சோர்வு போன்றவை மறைந்துபோகும். மஞ்சள் காமாலை, வீங்கிய மண்ணீரல், மிகவும் தாழ்ந்த ஹீமோகுளோபின் இவை காணப்பட்டால், இது மைனர்தானா அல்லது இடைநிலைத் தாலசீமியாவா என்று இரத்தநோய் நிபுணர் மறுபடி பார்க்கவேண்டும்.

மாற்கு 5-ஆம் அதிகாரத்தில், பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணை நினைத்துப் பாருங்கள். வைத்தியர் பலரிடம் சென்று கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தும் அவளுக்குக் குணமில்லை. யவீருவின் மகள் மரணத்தருவாயில் இருந்த அவசரத்திலும் இயேசு நின்றார்; அவள் முழுவதையும் சொல்ல இடங்கொடுத்தார். நோயாளி சொல்வதைக் கேட்பதும் வைத்தியத்தின் பங்குதான்.

4. செய்யவேண்டியவை

அ) ஏ2 பரிசோதனை அறிக்கையைப் பத்திரப்படுத்தி, எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் காட்டுங்கள்.
ஆ) ஃபெரிட்டின் பாராமல் வருடக்கணக்கில் இரும்பு மாத்திரை சாப்பிடாதீர்கள். குறைவு உண்மையில் இருந்தால் மருத்துவர் தரும் மாத்திரையை விடவும் வேண்டாம்.
இ) கர்ப்பகாலத்தில் இரத்தசோகை கூடக்கூடும். ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். ஃபோலிக் அமிலத்தின் அளவை அவர் முடிவு செய்வார்.

5. திருமணமும் சபையும்

கணவன் மனைவி இருவருக்கும் மைனர் இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு மேஜர் வர 25 சதவீதம், மைனர் வர 50 சதவீதம் வாய்ப்புண்டு. அத்தை மகன், மாமன் மகள் என்று உறவுக்குள் மணம் செய்யும் குடும்பங்களில் இருவருக்கும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஒருவருடைய களைப்பை அலட்சியம் செய்து பரிசோதனையைத் தள்ளிப்போட்டால், அதன் பாரம் பிறக்கப்போகும் குழந்தையின்மேல் விழலாம்.

சைப்ரஸ் தீவில் ஏறக்குறைய 7 பேரில் ஒருவருக்கு இந்நிலை உண்டு. அங்குள்ள ஆர்த்தடாக்ஸ் சபை, மணமக்கள் இருவரும் பரிசோதனை செய்து ஆலோசனை பெற்றதற்கான சான்றிதழை 1980-களிலிருந்து கேட்டுவருகிறது. அந்தச் சான்றிதழ் திருமணத்தைத் தடுப்பதில்லை. அறிந்து முடிவெடுக்க உதவுகிறது. நம்மிடையே பெண்ணை மட்டும் பரிசோதித்து, "இரத்தத்தில் குறை" என்று ஒதுக்கும் வழக்கம் வந்துவிடக்கூடாது. பிள்ளை வீட்டாரும் பரிசோதிக்கட்டும்.

கூடிப் பேச:
1. நம் சபையில் "எப்போதும் களைப்பு" என்று சொல்லும் ஒருவரை நாம் எப்படி நடத்துகிறோம்?
2. திருமண ஆயத்த வகுப்பில் இப்பரிசோதனையைப் பற்றிச் சொல்ல யாரை அழைக்கலாம்?

உங்கள் வீட்டிலோ அண்டையிலோ இரும்பு மாத்திரைக்கு மசியாத இரத்தசோகை இருந்தால், இந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் ஊழியன்,
மருத்துவமனைக் குருவானவர்