எந்த மொழியில் பதில் சொல்வது?

அன்பு மகளே,

தைவான்காரர்களும் சீனர்கள்தானே, பிறகு ஏன் தனி அடையாளம் என்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். வம்சாவளியில் தேடினால் விடை அகப்படாது. அந்தத் தீவின் மனிதர்கள் எந்த மொழியில் பேச வற்புறுத்தப்பட்டார்கள், எந்த மொழி அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்று பார்.

1895இல் போரில் தோற்ற சீனாவின் சிங் அரசு தைவானை ஜப்பானுக்கு எழுதிக் கொடுத்தது. தீவு மக்களை யாரும் கேட்கவில்லை. வீட்டில் ஹொக்கியனோ ஹக்காவோ பேசிய பிள்ளைகள் பள்ளியில் ஜப்பான் மொழி படித்தார்கள். 1937இல் பத்திரிகைகளின் சீன மொழிப் பக்கங்களும் நின்றன. 1945இல் ஜப்பான் தோற்று, சீனாவிலிருந்து கோமின்டாங் கட்சியின் ஆட்சி வந்தது. மறு ஆண்டே பத்திரிகைகளில் ஜப்பான் மொழிக்குத் தடை! அதில் மட்டுமே எழுதப் பழகிய ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் வளர்ந்த வயதில், புதிய ஆட்சியின் மொழியான மாண்டரினின் அரிச்சுவடியைத் திறந்தார்கள். பலர் எழுதுவதையே விட்டுவிட்டார்கள். இந்த இழப்பைப் பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை என்றே நினைக்கிறேன்.

வூ ஜுவோலியு என்ற எழுத்தாளர் போர்க்காலத்தில் ‘ஆசியாவின் அநாதை’ என்ற நாவலை ஜப்பான் மொழியில் ரகசியமாக எழுதினார். எழுதிய தாள்களைச் சமையலறைக் கரிக்கூடைக்கு அடியில் ஒளித்துவைத்தார். அதன் நாயகன் ஜப்பானில் படிக்கிறான். அங்கே இரண்டாந்தரக் குடிமகன். சீனாவுக்குப் போகிறான், உளவாளி என்று சந்தேகிக்கிறார்கள். கடைசியில் அவன் மனம் பேதலித்துப் போகிறது.

1947 பிப்ரவரியில் தைபேயில், சிகரெட் விற்ற ஒரு பெண்ணை அதிகாரிகள் தாக்கினார்கள். ஊழலிலும் விலையேற்றத்திலும் வெந்திருந்த தீவு கொதித்தெழுந்தது. மார்ச்சில் சீனாவிலிருந்து வந்திறங்கிய படைகள் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றன. 1949இல் வந்த ராணுவச் சட்டம் 1987 வரை 38 ஆண்டுகள் நீடித்தது. அத்தனை காலமும் அந்தப் படுகொலையைப் பொதுவெளியில் பேச முடியவில்லை. அதே காலத்தில், பள்ளியில் மாண்டரினை விட்டுத் தாய்மொழி பேசிய பிள்ளைகளுக்கு அபராதம். சிலர் கழுத்தில் அவமானப் பலகை.

ஹோவ் சியாவ்-சியென் இயக்கிய ‘துயர நகரம்’ படத்தை நீ அவசியம் பார்க்க வேண்டும். 1989இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வென்றது. டோனி லியுங் நடித்த புகைப்படக்காரனுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. 1947இன் அந்தக் கலவர நாட்களில் ரயிலில் போகிறான். சீனாவிலிருந்து வந்தவர்களைத் தேடி அடிக்கும் தீவுக்காரர்கள் அவனை மறிக்கிறார்கள். ‘எந்த ஊர்?’ என்று ஹொக்கியனில் கேட்கிறார்கள், ஜப்பான் மொழியிலும் கேட்கிறார்கள். தான் தைவான்காரன் என்று அவன் தொண்டையிலிருந்து தட்டுத்தடுமாறி ஒலி எழுப்புகிறான், அவர்கள் நம்பவில்லை. நண்பன் ஓடிவந்து காப்பாற்றுகிறான். ஒடுக்கப்பட்டவர்கள் கையிலும் மொழி ஆயுதமாகிவிடும் என்பதை ஹோவ் மறைக்கவில்லை. அந்த நேர்மைக்காகவே இந்தப் படத்தை மதிக்கிறேன்.

இன்னொன்றையும் மனத்தில் வை. ஹொக்கியனும் ஹக்காவும்கூடக் குடியேறியவர்களின் மொழிகளே. அவர்களுக்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே ஆஸ்ட்ரோனேசியப் பழங்குடிகள் அங்கே வாழ்கிறார்கள். இன்று அரசு ஏற்றவை 16 இனங்கள். 2016இல் அதிபர் சாய் இங்-வென் அரசின் சார்பில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2018 டிசம்பரில் நிறைவேறிய சட்டம், அவர்களின் மொழிகள் உட்படத் தீவின் இயல்பான மொழிகள் அனைத்தையும் தேசிய மொழிகள் என்றது. ஆனால் வீடுகளில் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் மாண்டரினில்தான் பதில் சொல்கிறார்கள். தாய்மொழிகளை மீட்கும் வேலை வகுப்பறைகளில் நடந்துகொண்டிருக்கிறது.

படத்தைப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
சித்தப்பா