தாமானுக்கு வராத பாட்டி

அன்புள்ள மருமகனுக்கு,

நான்கு வயதுப் பையன் எதற்கும் அடங்குவதில்லை, வீட்டில் ஒரு ரோத்தான் (பிரம்பு) வாங்கி மாட்டி வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். நம் பக்கத்து மளிகைக் கடைகளில் சில வெள்ளிக்குக் கிடைக்கும் பொருள் அது. வேண்டாம் என்பதே என் பதில். ஆனால் பெரியவர் சொல்லிவிட்டார் என்பதற்காக நீ ஏற்க வேண்டாம். காரணத்தைக் கேட்டுவிட்டு முடிவெடு.

அடித்தால் பிள்ளை அடங்கும், அதை நான் மறுக்கவில்லை. அந்த நிமிடம் கை பொருளை விட்டுவிடும், வீடு அமைதியாகும். அந்த அமைதியைப் பார்த்துத்தான் அடி பலித்தது என்று நம்புகிறோம். மறுநாள் அதே பிள்ளை அதே பொருளை எடுத்தால், நேற்று அடித்தது போதவில்லை என்று இன்னும் ஓங்கி அடிக்கிறோம். ஆசையை அடக்கும் திறன் நான்கு வயதில் முளைவிட்டிருக்கிறது, அவ்வளவுதான். அந்தத் திறனுக்கான மூளைப் பகுதி முழுதாக முதிர இருபது வயதையும் தாண்டும். இந்த வயதுப் பிள்ளை அடியிலிருந்து ‘இது தப்பு’ என்று கற்பதில்லை. ‘அப்பா பார்க்கும்போது செய்யக்கூடாது’ என்றுதான் கற்கிறது. ஒளிப்பதும் பொய் சொல்வதும் அங்கே தொடங்குகின்றன.

2016-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிசபெத் கெர்ஷாஃபும் ஆண்ட்ரூ குரோகன்-கெய்லரும் ஐம்பது ஆண்டுகளில் வந்த 75 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 1,60,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பற்றியவை அவை. ரத்தம் வர அடிப்பதை அவர்கள் ஆராயவில்லை. வெறுங்கையால் பின்புறத்தில் அடிக்கும் அடி, நாம் ‘சும்மா ஒரு தட்டு’ என்கிறோமே, அதைத்தான். அதுவே முரட்டுத்தனத்தோடும் மனநலக் குறைவோடும் பெற்றோரோடு ஏற்படும் விரிசலோடும் சேர்ந்தே காணப்பட்டது. முரட்டுப் பிள்ளை என்பதால் அடி வாங்கியதா, அடி வாங்கியதால் முரடானதா என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. 2021-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு, பிள்ளைகளைக் காலப்போக்கில் தொடர்ந்து கவனித்த 69 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. அடியால் நடத்தை சீரானதாகத் தெரியவில்லை. நாளாக ஆகத் தொல்லை கூடியதாகவே தெரிந்தது. பையன் குண்டர் கும்பலில் சேர்ந்துவிடுவானோ என்ற பயத்தில்தான் நம்மவர் பலர் ரோத்தானை எடுக்கிறார்கள். அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் பலமுள்ளவன் அடிப்பான், இல்லாதவன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் கும்பலின் முதல் பாடம். அதை வீட்டிலேயே நாம் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறோம்.

‘நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தோம், கெட்டா போனோம்?’ என்று எங்கள் தலைமுறை கேட்கும். நன்றாக வந்தவர்களை ஆளாக்கியது அடி இல்லை. இருட்டோடு ரப்பர்த் தோட்டத்துப் பால்வெட்டுக்குப் போன தாயின் உழைப்பும், தோட்டப் பள்ளி ஆசிரியரின் அக்கறையும்தான். அடிக்குப் பயந்து ஓடிப்போனவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க வருவதில்லை, அதனால் அவர்கள் கணக்கிலும் வருவதில்லை. இன்னொன்றும் உண்டு. தோட்டத்தில் அடிக்கு ஒரு தடுப்பு இருந்தது. ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டில் சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அப்பன் கை ஓங்கினால் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பகல் முழுக்க ஆயாக் கொட்டகையில் நாலு பிள்ளைகளோடு விளையாட்டு. இப்போது பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் ஜெராமிலும் தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் இன்று தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் கேட்டைப் பூட்டிக்கொண்டு வாழ்கின்றன. ஷிப்ட் முடிந்து களைத்து வரும் அப்பன், நாள் முழுக்க அடைபட்டுக் கிடந்த பிள்ளை, நடுவில் யாருமில்லை. ரோத்தான் மட்டும் தாமானுக்கு வந்தது. பாட்டி வரவில்லை.

அடிப்பது நம் பண்பாடு என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். வள்ளுவர் அரசனுக்கே ‘வெருவந்த செய்யாமை’ என்று ஓர் அதிகாரம் வைத்தார். ஆளப்படுபவர் அஞ்சும்படி நடக்காதே என்பது அதன் பொருள். தோட்டத்து ஒழுங்கு வேறு மாதிரி இருந்தது. தோட்டத் துரை கிராணியை (எழுத்தரை) அதட்டுவார், கிராணி தண்டலை (மேற்பார்வையாளரை), தண்டல் தொழிலாளியை. அந்த வரிசையின் கடைசியில் நின்றது பிள்ளை. 1941-ல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கி மற்றத் தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில் நம் முன்னோர் கூலியை மட்டும் கேட்கவில்லை. துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லாதே என்றார்கள். குறையைச் சொன்னதற்காகத் தண்டிக்காதே என்றார்கள். ராணுவம் வந்தது, உயிர்கள் போயின. அந்தக் கடைசிக் கோரிக்கையை நினைத்துப் பார். ‘ஏம்ப்பா கூடாது?’ என்று கேட்கும் உன் மகனும் அதைத்தான் கேட்கிறான். பால் மரத்தில் கத்தி கூடுதலாக இறங்கினால் கட்டையில் காயம் பட்டு, மறுபடி வளரும் பட்டை கரடுதட்டிப் போகும், பிறகு அங்கே சரியாக வெட்ட முடியாது. மரத்தில் காயம் பட்டால் கேள்வி கேட்ட தோட்டத்திலிருந்து வந்தவர்கள் நாம், பிள்ளையின் காயத்தைக் கேட்காமல் விடலாமா?

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1979-ல் சுவீடன் பெற்றோர் அடிப்பதைத் தடை செய்தது, இன்று 60-க்கும் மேற்பட்ட நாடுகளில் அந்தத் தடை உண்டு. மலேசியாவில் இல்லை. ஆனால் 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, பிள்ளையின் உடலுக்கோ மனத்துக்கோ ஊறு செய்பவருக்குச் சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. கண்டிப்பு எங்கே முடிந்து ஊறு எங்கே தொடங்குகிறது என்பதைக் கோபத்தில் இருக்கும் கை அறியாது.

அடிக்காமல் விடுவது செல்லம் கொடுப்பதாகாது. அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் கொடுப்பதும் வளர்ப்பில்லை, அதுவும் உடனடி அமைதிக்குக் கொடுக்கும் விலைதான். கண்டிப்பாகவே இரு. ‘ஓடாதே’ என்று தூரத்திலிருந்து கத்தாமல், கிட்டே போய்க் குனிந்து கண்ணைப் பார்த்து ‘என் கையைப் பிடித்துக்கொண்டு நட’ என்று சொல். செய்ய வேண்டியதைச் சொன்னால்தான் சின்னப் பிள்ளைக்குப் புரியும். பாலைக் கொட்டினால் துணியைக் கொடு, உன்னோடு சேர்ந்து துடைக்கட்டும். பொம்மையை வீசினால் மாலை வரை பொம்மை அலமாரியில் இருக்கட்டும். அழுதாலும் மாற்றாதே, அதே நேரம் அழுவதற்காகத் திட்டாதே. நீ வேண்டாம் என்றதை உன் மனைவியோ அம்மாவோ தரக்கூடாது, அதை முன்கூட்டியே மூவரும் பேசிக்கொள்ளுங்கள். பூச்சாண்டி வருவான், போலீஸ் பிடித்துப் போகும் என்று மிரட்டாதே. உறவினர் முன் அவன் தப்பை எடுத்துச் சொல்லிச் சிரிக்காதே. இவையெல்லாம் ரோத்தானை விட மெதுவாகத்தான் வேலை செய்யும். ஒரே வார்த்தையை ஐம்பது முறை சொல்ல வேண்டியிருக்கும். அந்த வயதுக்கு அதுதான் இயல்பு.

களைப்பில் ஒரு நாள் உன் கை ஓங்கத்தான் செய்யும். அப்போது பிள்ளையை ஆபத்தில்லாத இடத்தில் விட்டுவிட்டு வாசலில் போய் நின்று எனக்குப் போன் போடு. இரவு எத்தனை மணியானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
மாமா