மாதவிலக்குக்கு முன் வரும் தொல்லைகள்: உணவு உதவுமா?

மாதவிலக்கு தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பே பெண்கள் பலருக்கு வயிற்று உப்புசம், மார்பில் வலி, தலைவலி, அசதி, எரிச்சல் முதலியன தோன்றுகின்றன. மாதவிலக்கு வந்த சில நாட்களில் இவை மறைந்துவிடும். இது மனப்பிரமையன்று, சோம்பலும் அன்று. கருமுட்டை வெளிப்பட்ட பின் உடலில் ஹார்மோன்களின் அளவு ஏறி இறங்குவதோடு தொடர்புடையது.

உணவை மாற்றினால் இத்தொல்லை குறையுமா? "எனக்குக் குறைந்தது" என்று ஒருவர் கூறுவது மட்டும் சான்றாகாது. அது தானாகவே குறைந்திருக்கலாம். குறையும் என்ற நம்பிக்கையாலும் குறைந்திருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவது எப்படி?

அமெரிக்காவில் நடந்து 1998-ல் வெளியான ஓர் ஆய்வைப் பார்ப்போம். இத்தொல்லையுடைய 466 பெண்களின் விவரங்கள் அதில் கணக்கிடப்பட்டன. ஒரு பிரிவினர் நாள்தோறும் 1,200 மில்லிகிராம் கால்சியத்தை மாத்திரையாக உண்டனர். மறு பிரிவினர் உண்டது மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது எவருக்கும் அப்போது தெரியாது. மூன்றாவது மாதத்தில் கால்சியம் உண்டவர்களுக்குத் தொல்லை 48 சதவீதம் குறைந்தது. வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் 30 சதவீதம் குறைந்திருந்தது!

எண்ணெயை நிறுக்கும்போது பாத்திரத்தின் எடையைக் கழிக்கிறோம் அல்லவா? அதுபோல 48-லிருந்து 30-ஐக் கழித்தால், எஞ்சும் 18 புள்ளிகளே கால்சியத்தின் பங்கு. அது சிறிதெனினும் உண்மையானது.

இங்கே சோதிக்கப்பட்டது மாத்திரை, உணவு அன்று. ஆயினும் எலும்பு வளரும் வயதில் உங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,000 மில்லிகிராம் கால்சியம் எப்படியும் தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராமும், 200 மில்லிலிட்டர் பாலில் சுமார் 240 மில்லிகிராமும் உண்டு. முருங்கைக்கீரை, எள் ஆகியவற்றிலும் மிகுதி. எனவே இவற்றை உண்பதில் நட்டமில்லை. மருத்துவரைக் கேளாமல் மாத்திரை உண்ணவேண்டாம்.

உப்பு மிகுந்தால் உடலில் நீர் தேங்கும். ஆகவே அந்நாட்களில் ஊறுகாய், அப்பளம் ஆகியவற்றைக் குறைக்கும்படி மருத்துவர்கள் கூறுவதுண்டு. பட்டினி கிடப்பது கூடாது.

செய்து பாருங்கள்: தொல்லையின் அளவை 0 முதல் 3 வரை மதிப்பிட்டு நாள்தோறும் குறித்து வாருங்கள். இரண்டு மாதம் வழக்கமான உணவு. அடுத்த இரண்டு மாதம் மாற்றிய உணவு. ஒப்பிடும்போது பாத்திரத்தின் எடையை மறவாதீர்கள். பள்ளிக்கே செல்ல முடியாதபடி தொல்லை மிகுந்தால், அக்குறிப்பேட்டுடன் மருத்துவரிடம் செல்லுங்கள். அவருக்கு அது பெரிதும் உதவும்.