எந்த இடத்துக்கு எந்த ரோஜா?

கேள்வி: மொட்டை மாடி, கிழக்கு பார்த்த பால்கனி, வாசலில் கொஞ்சம் மண் தரை இருக்கிறது. நர்சரியில் பூவோடு வாங்கும் ரோஜா சில மாதங்களில் பூப்பதை நிறுத்திவிடுகிறது. எங்கே எதை வைக்கலாம்?
– வாசகி, மதுரை

பதில்: முதலில் அந்தச் செடியின் அடித்தண்டைப் பாருங்கள். நர்சரி ரோஜா பெரும்பாலும் ஒட்டுச்செடி. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் தளிர் மளமளவென வளர்ந்து, சத்தையெல்லாம் தானே உறிஞ்சிக்கொள்ளும். நீங்கள் ஆசைப்பட்டு வாங்கிய ரகம் மெலிந்துபோகும். அந்தத் தளிரை அடியோடு பிய்த்துவிடுங்கள். நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேலேயே இருக்கட்டும்.

வாசல் மண்ணுக்கு என் ஓட்டு பன்னீர் ரோஜாவுக்கே. குச்சி நட்டாலே வேர் பிடிக்கும், மதுரை வெயிலுக்கு அசராது, வாசனையும் உண்டு. பூ சீக்கிரம் உதிர்ந்துவிடும் என்று குறை சொல்வார்கள். உதிரட்டுமே, குல்கந்துக்கு ஆகும்.

மாடிக்குப் பட்டன் ரோஜா. 12 அங்குலத் தொட்டி போதும். ஆனால் தொட்டியைச் சுடும் தளத்தில் வைக்காமல் செங்கல் மேல் ஏற்றுங்கள். பூங்கொத்தில் பார்க்கும் நீள்காம்பு ரோஜாக்கள் ஓசூர்க் குளுமைக்கும் பசுமைக்குடிலுக்கும் பழகியவை. அவற்றுக்கு ஆசைப்பட வேண்டாம்.

பால்கனியில் ஆறு மணி நேர வெயில் விழுகிறதா? இல்லையென்றால் அங்கே மணி பிளான்ட் வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் கவாத்து செய்யுங்கள். சுமார் 45 நாளில் மொட்டு விரியும்.