நாய்க்குச் சர்க்கரை, பூனைக்குத் தைராய்டு: எங்கே தொடங்கியது?

கேள்வி: எட்டு வயதாகும் எங்கள் நாய்க்குச் சர்க்கரை நோய் என்கிறார் கால்நடை மருத்துவர். மனிதருக்கு வரும் நோய் நாய்க்கு எப்போதிலிருந்து வர ஆரம்பித்தது?

பதில்: நாய்க்கு இது புதிதாக வந்த நோயல்ல. சர்க்கரை நோய்க்கும் கணையத்துக்கும் உள்ள தொடர்பு உறுதிப்பட்டதே ஒரு நாயை வைத்துத்தான். 1889இல், அப்போது ஜெர்மனியின் வசமிருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரில், ஜோசப் வான் மெரிங், ஆஸ்கர் மின்கோவ்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள் ஒரு நாயின் கணையத்தை முழுவதுமாக அகற்றினார்கள். கொழுப்பு செரிக்கக் கணையம் தேவையா என்று பார்ப்பதுதான் அவர்கள் நோக்கம். வெளியே போய்ச் சிறுநீர் கழித்துப் பழகிய அந்த நாய், அறைக்குள்ளேயே ஓயாமல் கழிக்கத் தொடங்கியது. மின்கோவ்ஸ்கி அந்தச் சிறுநீரைச் சோதித்தார். அதில் சர்க்கரை ஏராளமாக இருந்தது.

நம் வீடுகளிலும் முதல் அறிகுறி பெரும்பாலும் அதேதான். நாய் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

கேள்வி: நாய்க்கென்று தனி இன்சுலின் உண்டா? அதை யார் கண்டுபிடித்தார்கள்?

பதில்: இன்சுலின் முதலில் காப்பாற்றியதே நாய்களைத்தான். 1921 கோடையில் கனடாவின் டொரன்டோ பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் மெக்லியாடின் ஆய்வுக்கூடத்தில், பிரெடரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் கணையம் அகற்றிய நாய்களுக்குக் கணையச் சாற்றை ஊசியில் ஏற்றினார்கள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கியது. மார்ஜரி என்ற நாய் அந்தச் சாற்றின் துணையால் சுமார் 70 நாள் உயிரோடு இருந்தது. 1922 ஜனவரியில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு ஊசி போட்டார்கள். ஜேம்ஸ் காலிப் சுத்திகரித்துக் கொடுத்த மருந்து அவனுக்குப் பலித்தது. அடுத்த ஆண்டே பான்டிங்குக்கும் மெக்லியாடுக்கும் நோபல் பரிசும் கிடைத்தது.

நாயின் இன்சுலினும் பன்றியின் இன்சுலினும் அமினோ அமில வரிசையில் அச்சு அசலாக ஒன்றே. அதனால்தான் நாய்களுக்கென்று விற்கும் ஒரு வகை இன்சுலின் பன்றிக் கணையத்திலிருந்து எடுக்கப்படுகிறது. பூனையின் இன்சுலின் மாட்டினுடையதோடு ஒரே ஓர் அமினோ அமிலத்தில்தான் வேறுபடுகிறது.

வீட்டில் ஊசி போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. அவற்றுக்கான சிரிஞ்சுகள் வேறு வேறு. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் நாலு கோடு வரை இழுத்தால், உள்ளே போவது நாலு யூனிட் அல்ல, பத்து. ஐந்து கிலோ பூனைக்கு அது உயிருக்கே ஆபத்து. குப்பியையும் சிரிஞ்சையும் ஒன்றாக வைத்து மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: பெண் நாய்க்குப் பருவம் முடிந்த சில வாரங்களில் சர்க்கரை வந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. பருவம் முடிந்தபின், சினைப்பட்டாலும் படாவிட்டாலும், பெண் நாயின் உடலில் சுமார் இரண்டு மாதம் புரொஜெஸ்டிரோன் உயர்ந்தே இருக்கும். அது பால்மடித் திசுவை வளர்ச்சி ஹார்மோன் சுரக்கத் தூண்டும். வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினை வேலை செய்யவிடாது. வழக்கமாக அந்த ஹார்மோனைச் சுரப்பது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி. அந்தச் சுரப்பிக்கும் சர்க்கரை நோய்க்கும் உள்ள தொடர்பை அர்ஜென்டினாவின் பெர்னார்டோ ஊசே நிறுவினார். கணையத்தோடு பிட்யூட்டரியையும் அகற்றிய நாய்க்குச் சர்க்கரை நோய் கடுமை குறைந்தது என்று காட்டி, 1947இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். இத்தகைய நாய்க்குக் காலம் தாழ்த்தாமல் கருப்பை, சினைப்பை நீக்க அறுவை செய்தால் சில சமயம் சர்க்கரை மறைந்தே போகும். தள்ளிப்போட்டால் கணையம் ஓய்ந்துவிடும், பிறகு ஆயுள் முழுக்க ஊசிதான்.

கேள்வி: பூனைக்குத் தைராய்டு நோய் வந்தது எப்போது?

பதில்: பூனைகளின் தைராய்டு மிகைச் சுரப்பு 1979இல்தான் முதன்முறையாக மருத்துவ உலகில் விவரிக்கப்பட்டது. அறிவித்தவர் நியூயார்க்கின் கால்நடை மருத்துவர் மார்க் பீட்டர்சன். இன்று பத்து வயது கடந்த பூனைகளுக்கு அதிகம் வரும் ஹார்மோன் நோய் அதுதான். நன்றாகச் சாப்பிடும், ஆனால் இளைத்துக்கொண்டே போகும். இதயம் படபடவென அடிக்கும். ராத்திரியில் காரணமின்றிக் கத்தும். பல சமயம் கழுத்தில் சிறு கட்டி கைக்குத் தட்டுப்படும். தகர டப்பா உணவின் உட்பூச்சில் உள்ள பிஸ்பீனால், சோபா, மெத்தைகளில் தீ பற்றாமலிருக்கச் சேர்க்கும் ரசாயனங்கள், உணவில் அயோடின் கூடுவது, குறைவது என்று பலவற்றின் மீது சந்தேகம் இருக்கிறது. பூனை தரையில் புரண்டு, உடம்பை நக்கித் துடைப்பதால், வீட்டுத் தூசி நேரே அதன் வயிற்றுக்குள் போகிறது. இதற்கு மெதிமசோல் மாத்திரை, அறுவை, கதிரியக்க அயோடின் என்று நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன.

நாய்க்கு நேர்மாறு. அதற்குத் தைராய்டு குறைவாகச் சுரப்பதுதான் வழக்கம். தின்னாமலே பருக்கும், சோம்பிக் கிடக்கும், அரிப்பில்லாமலே முடி கொட்டும்.

கேள்வி: என் நாய்க்கு வயிறு தொங்குகிறது, முடி உதிர்கிறது. குஷிங் நோய் என்கிறார்கள். பெயரும் மருந்தும் எங்கிருந்து வந்தன?

பதில்: பெயர் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்குடையது. பிட்யூட்டரியில் உண்டாகும் சிறு கட்டியே இதற்குக் காரணம் என்று 1932இல் எழுதினார். அந்தக் கட்டியின் தூண்டுதலால் அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனை அளவின்றிச் சுரக்கின்றன. தானாக இந்நோய் வரும் நாய்களில் ஐந்தில் நாலுக்கு மேல் இதே வழிதான். மருந்தின் கதை பூச்சிக்கொல்லியில் தொடங்குகிறது. டி.டி.டி.யின் உறவான ஒரு ரசாயனத்தைத் தின்ற நாய்களின் அட்ரினல் புறணி அழிந்துபோனதை 1949இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்த வழியில் வந்த மருந்துதான் மைட்டோடேன். இப்போது பெரும்பாலும் டிரைலோஸ்டேன் தருகிறார்கள்.

இந்நோய் வர இன்னொரு வழியும் உண்டு. அரிப்புக்கென்று மாதக்கணக்கில் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் ஊசியும் இதே தொந்தி, இதே முடி உதிர்வைக் கொண்டுவரும். பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். தூங்கிப்போன அட்ரினல் விழிக்க அவகாசம் வேண்டும். மருத்துவர் சொல்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

கேள்வி: வயதான பிராணிக்கு இவ்வளவு வைத்தியம் அவசியமா?

பதில்: அவசியம் என்றே சொல்வேன். மனிதர் இன்று போட்டுக்கொள்ளும் இன்சுலினுக்குப் பின்னால் டொரன்டோவின் நாய்கள் இருக்கின்றன. அட்ரினல் சாறு உயிர் காக்கும் என்பதை 1930இல் அட்ரினல் அகற்றப்பட்ட பூனைகள் மெய்ப்பித்தன. அவற்றால் நமக்குக் கிடைத்த வைத்தியத்தை அவற்றின் வம்சத்துக்கு மறுக்க நமக்கு உரிமை இல்லை. “வயசாயிடுச்சு, அதான் இப்படி” என்று விட்டுவிடும் நோய்களில் பல, ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

அதற்குமுன் நீங்கள் செய்யக்கூடியது சுலபம். தாகம் கூடியிருக்கிறதா என்று பார்க்க, காலையில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள், மறுநாள் மிச்சத்தை அளந்து கழியுங்கள். ஒரு கிலோ எடைக்கு நாய் 100 மில்லிக்கு மேலும், பூனை 50 மில்லிக்கு மேலும் ஒரு நாளில் குடித்தால், அந்தக் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.